கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்ட் வரை: ஏழு ராத்திரியை எப்படிப் பிரிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். டிசம்பர் கடைசி வாரம், நியூசிலாந்தின் தெற்குத் தீவு. கணவன், மனைவி, ஐந்து வயதுப் பெண் குழந்தை, அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா. காலையில் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி வாடகைக் கார் எடுக்கிறார்கள், ஏழு ராத்திரி கழித்து குயின்ஸ்டவுனில் விமானம் ஏறுகிறார்கள். ஏரியும் மலையும் பார்க்க வேண்டும், ஆனால் பெரியவர்களால் அதிகம் நடக்க முடியாது. போட்டு வைத்திருக்கும் திட்டம்: டெக்கப்போவில் ஒரு ராத்திரி, மறுநாள் நேரே குயின்ஸ்டவுன், அங்கேயே ஆறு ராத்திரி, நடுவில் ஒரு நாள் மில்ஃபோர்ட் சவுண்ட், அதாவது செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் இடம், போய்த் திரும்புவது. இது சரியா?

வழி சரி. ராத்திரிகளைப் பிரித்த விதம்தான் சரியில்லை. என்னைக் கேட்டால் டெக்கப்போவில் ஒன்று, மவுண்ட் குக் பக்கம் இரண்டு, குயின்ஸ்டவுனில் இரண்டு, மில்ஃபோர்டுக்குப் போகும் வழியில் உள்ள டே ஆனாவில் இரண்டு. குயின்ஸ்டவுன் அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எந்த நாளில் போனாலும் கிடைக்கும் அழகு. மவுண்ட் குக்கும் மில்ஃபோர்டும் அப்படியில்லை. அங்கே மேகம் விலகினால்தான் உண்டு. அதனால் உபரி நேரத்தை அங்கே வைக்க வேண்டும்.

இதற்குக் காரணம் காற்று. தீவின் மேற்கே டாஸ்மன் கடல். அங்கிருந்து ஈரத்தோடு வரும் காற்றை சதர்ன் ஆல்ப்ஸ் மலைத்தொடர் குறுக்கே நின்று மறிக்கிறது. காற்று மேலே ஏறி, குளிர்ந்து, சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அது வறண்ட சூடான காற்று. மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 6 மீட்டர் என்பது இரண்டு மாடி வீட்டு உயரம். டெக்கப்போவில் கிட்டத்தட்ட அதில் பத்தில் ஒரு பங்குதான். உங்கள் பயணம் இந்த இரண்டு உலகத்துக்கும் போகிறது. வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் டெக்கப்போவில் வெயில் கொளுத்தும், ஒரு மணி நேரத் தொலைவில் மவுண்ட் குக் இருந்த இடமே தெரியாது. ஒரே ராத்திரி தங்கினால் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இரண்டு ராத்திரி தங்கினால் ஒரு மாலை, ஒரு முழு நாள், ஒரு காலை என்று மூன்று வாய்ப்பு.

விமான நிலையத்திலேயே ஒரு விஷயம். ஊறுகாய், பொடி, தேன், பழம், முறுக்கு என்று எது பையில் இருந்தாலும் வருகைப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், சிலதை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அம்மாவின் கைப்பையில் ஒரு ஆப்பிள் மறந்துபோய்க் கிடந்தாலும் அதேதான்.

முதல் நாள் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்கப்போ சுமார் 225 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பாதி தூரம் சமவெளி, சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஃபேர்லி தாண்டி 709 மீட்டர் உயரத்தில் பர்க்ஸ் கணவாய் வரும். அதைக் கடந்ததும் பச்சை நின்றுபோய், காய்ந்த பொன்னிறப் புல்வெளி தொடங்குகிறது. இதுதான் மெக்கன்சி படுகை. ஜேம்ஸ் மெக்கன்சி என்ற ஆடு திருடனின் பெயர் இதற்கு. 1855இல் ஆயிரம் ஆடுகளோடு இந்தப் பக்கம் பிடிபட்டான், சிறையிலிருந்து தப்பி ஓடினான், மறுபடி பிடிபட்டான், அடுத்த வருடமே மன்னிப்பும் வாங்கிவிட்டான். ஆடு திருடனின் பெயரை ஒரு நிலப்பரப்புக்கே வைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

டெக்கப்போ ஏரியின் நிறம் படத்தில் பார்த்தால் யாரோ மெருகேற்றியது போல இருக்கும். மெருகு இல்லை. மேலே உள்ள பனியாறுகள் நகரும்போது அடியில் உள்ள பாறையை அரைக்கின்றன. அந்தப் பாறைத் தூள் கோதுமை மாவை விட நைசானது, அதனால் அடியில் படியாமல் தண்ணீரிலேயே மிதக்கிறது. வெயில் அதில் பட்டுச் சிதறும்போது நீலமும் பச்சையும் நம் கண்ணுக்குத் திரும்பி வருகின்றன. குழந்தையிடம் கரையில் ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் அந்த நிறம் இருக்காது, இலேசாகக் கலங்கிய தண்ணீர்தான் இருக்கும். இதில் பயணத்துக்குப் பயன்படும் செய்தியும் உண்டு. இந்த நிறத்துக்கு உச்சி வெயில் வேண்டும். மற்ற இடங்களில் காலை, மாலை வெளிச்சத்துக்குக் காத்திருப்போம், டெக்கப்போவையும், அடுத்து வரும் புகாக்கி ஏரியையும் நடுப்பகலில் பார்க்க வேண்டும். பனிமலை ஏரிக்குள் தலைகீழாகத் தெரிய வேண்டுமென்றால் மட்டும் காற்று எழும்புவதற்கு முன் அதிகாலையில் போங்கள்.

கரையில் 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் ஓவியக் கண்ணாடி கிடையாது, வெறும் ஜன்னல். அதில் ஏரியும் மலையும் தெரியும். உள்ளே படம் எடுக்கக் கூடாது, அது நல்லதுதான். வெளியே கூட்டம் எப்படி இருக்கும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். ராத்திரி வானம் இந்த ஊரின் இன்னொரு சொத்து. 2012இல் இந்தப் பகுதியைச் சர்வதேச இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். தெரு விளக்குகள் கூட வெளிச்சம் மேலே போகாதபடி மூடியிருக்கும். நிலா இல்லாத ராத்திரியில் இரண்டு மெகல்லன் மேகங்களும், அதாவது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் இரண்டு சிறு விண்மீன் மண்டலங்கள், வெறும் கண்ணுக்குத் தெரியும். டிசம்பரில் ஒரே ஒரு தொல்லை: ஒன்பதரை வரை வெளிச்சம் போகாது, நன்றாக இருட்ட பதினொன்று ஆகிவிடும். குழந்தையைத் தூங்க வைத்து எழுப்புவதா, வேண்டாமா என்பது உங்கள் பாடு.

மறுநாள் மவுண்ட் குக் கிராமம், சுமார் 105 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் என்று மேப் சொல்லும், நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த துண்டு இதுதான். புகாக்கி ஏரியின் தென்கரைக்கு வரும்போது, வானம் திறந்திருந்தால், 3,724 மீட்டர் மவுண்ட் குக் ஏரியின் மறுமுனையில் தனியாக நிற்கும். அங்கிருந்து 80ஆம் நெடுஞ்சாலை ஏரியை ஒட்டியே மேற்குக் கரையில் 55 கிலோமீட்டர் போகிறது. பீட்டர்ஸ் லுக்அவுட்டில் நிறுத்த நல்ல இடம் உண்டு. மற்ற இடங்களில் சாலை ஓரத்தில் திடீரென்று நிறுத்தாதீர்கள். நூறில் வரும் பின்வண்டிக்கு நீங்கள் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று தெரியாது.

நீங்கள் பார்க்கும் புகாக்கி, பனியாறு விட்டுச் சென்ற அளவிலேயே இருக்கும் ஏரி அல்ல. மின்சாரத்துக்காக அணை கட்டி இரண்டு முறை உயர்த்தியிருக்கிறார்கள், 1970களில் உயர்த்தியது மட்டும் 37 மீட்டர். பழைய ஐந்து பவுண்டு நோட்டின் பின்பக்கத்தில் இந்த ஏரியின் ஒரு தீவு அச்சாகியிருந்தது. நாட்டின் பணத்தில் இருந்த அந்தத் தீவு இப்போது தண்ணீருக்கு அடியில். இதை நினைவில் வையுங்கள், டே ஆனாவுக்குப் போகும்போது இன்னொரு ஏரியின் கதை வருகிறது.

மவுண்ட் குக் உயரமே ஒரு கதை. 1991 டிசம்பரில் உச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து, மலை ஒரே ராத்திரியில் சுமார் 10 மீட்டர் குறைந்தது. பிறகு 2013இல் நேரில் ஏறி அளந்து பார்த்தால், எல்லோரும் நினைத்ததை விட இன்னும் 30 மீட்டர் குறைவு. பழைய புத்தகங்களில் 3,764, 3,754 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இங்கே எல்லோரும் சொல்வது ஹூக்கர் பள்ளத்தாக்கு நடை. போய்வர 10 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பாதை பெரும்பாலும் சமதளம்தான், ஆனாலும் உங்கள் அப்பா அம்மாவுக்கு நீளம். தொங்குபால வேலைக்காகப் பாதையின் ஒரு பகுதியை மூடுவதும் உண்டு, அதனால் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் (DOC) இணையதளத்தில் முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு கியா பாயிண்ட் போதும், போய்வர ஒரு மணி நேரம். முழங்கால் ஒத்துழைத்தால் டாஸ்மன் ஏரியின் மேலே உள்ள மேடு. முந்நூறு சொச்சம் படி, ஆனால் இருபது நிமிடத்தில் மேலே. அங்கிருந்து கீழே தெரிவது நீலம் அல்ல, சிமெண்ட் கலரில் ஒரு ஏரி, அதில் மிதக்கும் பனிப்பாறைகள். ஐம்பது ஆண்டுக்கு முன் இங்கே ஏரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, பனியாறு பின்வாங்கிய இடத்தில் தேங்கியதுதான் இது. 2011 பிப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச்சைக் குலுக்கிய நிலநடுக்கத்தில், அவ்வளவு தூரத்தில் இருக்கும் இந்தப் பனியாற்றின் முனையிலிருந்து சுமார் 3 கோடி டன் பனி உடைந்து ஏரியில் விழுந்தது.

கிராமத்தில் சூப்பர்மார்க்கெட் கிடையாது. டெக்கப்போவிலோ ட்வைசலிலோ அரிசி, காய், பால் வாங்கிக்கொண்டு போங்கள். அடுப்புள்ள மோட்டல் அறை இந்த நாட்டில் எங்கும் கிடைக்கும், சைவக் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. ட்வைசலில்தான் காக்கி என்ற கறுப்பு நெட்டைக்கால் பறவையை வளர்த்து ஆற்றுப் படுகையில் விடுகிறார்கள். 1981இல் வளர்ந்த பறவைகள் 23 மட்டுமே மிஞ்சியிருந்தன. சாலையோரம் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து லூபின் பூ பூத்துக் கிடக்கும், நீங்கள் போகும்போது முடியும் தறுவாயில் இருக்கலாம். படத்துக்கு அழகு, ஆனால் வெளியிலிருந்து வந்த செடி. ஆற்றின் கூழாங்கல் திட்டுகளை மூடி, இந்தப் பறவைகள் முட்டையிடும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. விதையைக் கொண்டுபோய் வேறெங்கும் தூவாதீர்கள்.

அடுத்து குயின்ஸ்டவுன். லிண்டிஸ் கணவாய் 971 மீட்டர். மரமே இல்லாத, புல் போர்த்திய மடிப்பு மடிப்பான மலைகள். ஏரி பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நல்ல மாற்றம். வனாக்காவில் மதியச் சாப்பாடு, தண்ணீருக்குள் நிற்கும் அந்தப் பிரபலமான ஒற்றை வில்லோ மரம், ஒரு மணி நேரம் போதும். அங்கிருந்து இரண்டு வழி. கிரவுன் ரேஞ்ச் வழி சுமார் 70 கிலோமீட்டர், நாட்டிலேயே மிக உயரத்தில் போகும் தார்ப் பிரதான சாலை, கடைசியில் இறக்கம் கொண்டை ஊசி வளைவுகள். குரோம்வெல் வழி தூரம் அதிகம், ஆனால் சாலை நிதானமானது, கவாராவ் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அழகு. பின்சீட்டில் குழந்தையும் பெரியவர்களும் இருக்கும்போது நான் குரோம்வெல் வழியைத்தான் எடுப்பேன்.

ஓட்டுவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மைப் போலவே இடதுபக்க ஓட்டம், உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் அதுவே செல்லும். திறந்த சாலையில் வேக வரம்பு 100. ஆனால் நூறு என்பது உச்சவரம்பு, வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 45, 35 என்று போட்டிருப்பதை அப்படியே நம்புங்கள். ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். சிவப்பு வளையத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு, ஆனாலும் எதிரே ஏற்கெனவே பாலத்தில் ஏறியவர் இறங்கட்டும். பின்னால் மூன்று நான்கு வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கும் இடம் பார்த்து வழிவிடுங்கள், அது இங்கே மரியாதை. ஏழு வயதுக்குக் கீழ் குழந்தைக்கு முறையான குழந்தை இருக்கை கட்டாயம், கார் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தார் போடாத சாலைக்கு உங்கள் வாடகைக் காப்பீடு செல்லுமா என்பதையும் அப்போதே வாசித்துப் பாருங்கள்.

குயின்ஸ்டவுனில் கேபிள் கார், கடைவீதி, 1912இலிருந்து ஓடும் நிலக்கரி நீராவிக் கப்பல் எல்லாம் உண்டு, எதுவும் தானாகவே கண்ணில் படும். நான் வலியுறுத்துவது ஒன்றே ஒன்று: வகாட்டிப்பு ஏரிக்கரையோரம் கிளெனார்க்கி வரை போகும் 46 கிலோமீட்டர் சாலை. மாலை நான்குக்குக் கிளம்புங்கள். பாதி வழிக்கு மேல் ஒரு திருப்பத்தில் ஏரியின் மேல்முனையும் தீவுகளும் பின்னால் பனிமலைகளும் ஒரே நேரத்தில் திறக்கும். இந்த ஏரிக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. நீளமாக வளைந்து கிடப்பதால் தண்ணீர் முழுவதும் தொட்டியில் ஆடுவது போல முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. குயின்ஸ்டவுன் கரையில் சுமார் 27 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் 20 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்கும். கரைக்கல் ஒன்றைக் குறிவைத்து உட்கார்ந்தால் அப்பாவுக்கு நல்ல பொழுதுபோக்கு.

இப்போது மில்ஃபோர்ட். குயின்ஸ்டவுனிலிருந்து பறவை பறக்கும் தூரம் 70 கிலோமீட்டர்தான். சாலைக்கு நடுவில் மலை நிற்பதால் தெற்கே சுற்றிப் போக வேண்டும்: 287 கிலோமீட்டர், நிற்காமல் போனால் நான்கு மணி நேரம். போய்வர எட்டு. அதில் இரண்டு மணி நேரம் படகு, நடுவில் நிறுத்தங்கள். ஐந்து வயதுக் குழந்தையோடு இதை ஒரே நாளில் செய்யலாமா என்றால், செய்கிறார்கள். பேருந்தில் தூங்கிக்கொண்டே செய்கிறார்கள். நீங்களே ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம். டே ஆனாவில் தங்கினால் மில்ஃபோர்ட் 118 கிலோமீட்டர்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த 118 கிலோமீட்டரைக் கடமைக்கு ஓட்டிக் கடக்கக் கூடாது. எக்லிண்டன் பள்ளத்தாக்கின் மஞ்சள் புல்வெளி, கண்ணாடி ஏரிகள், கன் ஏரியைச் சுற்றி பாசி தொங்கும் பீச் மரக் காடு, அப்புறம் மரம் நின்றுபோய் இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். அந்தச் சுவர் முட்டும் இடத்தில் ஹோமர் சுரங்கம். பொருளாதார மந்தக் காலத்தில், 1935இல், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியது. பனிச்சரிவும் போரும் குறுக்கிட்டு 1954இல்தான் திறந்தார்கள். 1.2 கிலோமீட்டர், உள்ளே கீழ்நோக்கிச் சரிவு. கோடையில் பகலில் சிக்னல் போட்டு ஒரு பக்கமாக விடுவார்கள், இருபது நிமிடம் வரை காத்திருக்க நேரலாம். அந்த வரிசையில் நிற்கும்போது கியா வரும். ஆலிவ் பச்சை நிறத்தில் பெரிய மலைக்கிளி, பறந்தால் சிறகுக்கு அடியில் ஆரஞ்சு தெரியும். காரின் கூரையில் இறங்கி நடக்கும், வைப்பர் ரப்பரையும் ஜன்னல் ரப்பரையும் அலகால் இழுத்துப் பார்க்கும். விரட்டினால் பக்கத்து வண்டிக்குப் போய்த் தலையைச் சாய்த்து உங்களையே பார்க்கும். பிஸ்கெட் கொடுக்க வேண்டும் போல இருக்கும், கொடுக்கக் கூடாது. மனிதர் தீனிக்குப் பழகிய கியா சாலையிலேயே சுற்றி வண்டியில் அடிபடுகிறது.

மில்ஃபோர்டில் மழை பெய்தால் வருத்தப்படாதீர்கள். வெயில் நாளில் அங்கே நிரந்தர அருவிகள் இரண்டே, 162 மீட்டர் லேடி போவன், 151 மீட்டர் ஸ்டெர்லிங். மழை பெய்தால் அந்தப் பாறைச் சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் அருவி இறங்கும். ஆனால் மழை வலுத்தால் சாலையையே மூடிவிடுவார்கள், அதற்காகத்தான் இரண்டாவது ராத்திரி. குயின்ஸ்டவுன் பேருந்துகள் நடுப்பகலில் வந்து சேரும். நீங்கள் டே ஆனாவிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பி பத்து மணிப் படகைப் பிடித்தால், அந்தக் கூட்டம் வரும்போது நீங்கள் திரும்பிக்கொண்டிருப்பீர்கள். டே ஆனாவிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் பெரும்பாலும் செல்போன் சிக்னல் இருக்காது, மேப்பை முன்பே இறக்கிவிடுங்கள். படகுத் துறையில் மணல் ஈ கடிக்கும், கடித்த இடம் பல நாள் அரிக்கும். குழந்தைக்கு முழுக்கை சட்டையும் சாக்ஸும் போதும்.

சாலை மூடாமல் மில்ஃபோர்ட் முதல் முயற்சியிலேயே முடிந்துவிட்டால், மிச்ச நேரத்தில் இருபது நிமிடத் தொலைவில் மானபோரி ஏரிக்குப் போங்கள். புகாக்கிக்கு நடந்தது இதற்கும் நடக்கவிருந்தது. அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க ஏரியை 30 மீட்டர் வரை உயர்த்தத் திட்டமிட்டார்கள். 1970இல் 2,64,907 பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள், அன்றைய மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். ஏரி உயரவில்லை. மின்நிலையத்தை நிலத்துக்கு அடியில் கட்டி, ஏரி மட்டத்தை இயற்கையான வரம்புக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கரையில் காடு தண்ணீர் வரை இறங்கியிருப்பதைப் பார்த்தால் புகாக்கிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

டே ஆனாவிலிருந்து குயின்ஸ்டவுன் விமான நிலையம் சுமார் 170 கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். விமானம் பிற்பகலில் என்றால் நான் சொன்ன வரிசை சரி. காலை விமானம் என்றால் மாற்றிவிடுங்கள்: மவுண்ட் குக் முடித்துக் குரோம்வெல் வழியாக நேரே டே ஆனாவ், கடைசி இரண்டு ராத்திரி குயின்ஸ்டவுன். அந்த ஒரு நாள் மட்டும் ஓட்டம் நீளும், வனாக்காவை விட்டுவிட வேண்டியிருக்கும்.

பதிவு செய்யும்போது மவுண்ட் குக் கிராமத்தில் ஆரம்பியுங்கள். கிறிஸ்துமஸ் வாரம் அங்கே அறைகள் மிகக் குறைவு, உள்ளூர்க்காரர்களுக்கும் அதுதான் விடுமுறை. கிடைக்காவிட்டால் 65 கிலோமீட்டர் தள்ளி ட்வைசல், அதுவும் மோசமில்லை. அது உறுதியான பிறகு டே ஆனாவ். குயின்ஸ்டவுனைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், விலை கூடுமே தவிர அறை கிடைக்கும்.